சோனியாவின் ஊசி: ‘குற்றமும் தண்டனையும்’ நாவலின் முடிவுரை பற்றிய ஒரு நோக்கு

ஒத்த தலைவனும் தலைவியும் கூடுவதே காதல் என்பது தமிழிலக்கண மரபு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு, திரு முதலாகப் பத்து வகை ஒப்புக்களை எண்ணிச் சொல்கின்றது. பொருந்தாத கூட்டம் பெருந்திணையின்பாற் படும். வீடும் குடியும் நிலைபெற்றவர்களின் காதலை அளப்பதற்கு இவ்வளவுகோல் போதுமானது. இவை யாவும் சிதைந்துபோன இருவர், தம் வாழ்வை மீளக் கட்டியெழுப்ப முனையும் வேளையில் ஒருவரையொருவர் நாடுவராயின், அவர்களை எதனைக் கொண்டு அளப்பது? 1866ஆம் ஆண்டு ‘ரூஸ்கி வேஸ்த்னிக்’ என்னும் சஞ்சிகையில் தொடராக வெளிவந்த டொஸ்தோயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ இவ்வினாவை எழுப்பும் நாவல்களுள் தலையாயது.

ரஸ்கோல்னிகோவ் படிப்பை இடையில் விட்ட மாணவன். அடகு பிடிக்கும் கிழவியையும் அவளுடைய தங்கை லிசவேத்தாவையும் கோடரியால் வெட்டிக் கொன்றவன். சோனியா, குடிகாரத் தந்தையின் குடும்பத்தைக் காப்பதற்காக, பொலிசார் வழங்கும் மஞ்சட் சீட்டைப் பெற்றுத் தெருவுக்கு இறங்கியவள். அவன் தருக்கத்தை நம்புபவன். அவள் தெய்வத்தை நம்புபவள். அவன் செருக்கின் வடிவம். அவள் பணிவின் வடிவம். விமரிசகர்கள் பெரும்பாலும் இந்த முரண்களையே எடுத்துப் பேசியுள்ளனர். கொலைஞனும் விலைமகளும் மெழுகுதிரி வெளிச்சத்திலே வேதாகமம் வாசிக்கும் காட்சியை நபோக்கோவ் தமது விரிவுரைகளில் எள்ளி நகையாடியதும் இம்முரணின் மிகைப்பாட்டைக் கருதியே. இவையனைத்தும் நாவலில் உள்ளவையே. ஆயினும் இவற்றின் அடியில் வேறொரு முரண் கிடக்கின்றது. அது உழைப்புப் பற்றியது.

சோனியாவின் கதையைச் சோனியா சொல்வதில்லை. மதுக்கடையிலே அவளுடைய தந்தை மார்மலாடோவ், முன்பின் அறியாத ரஸ்கோல்னிகோவுக்கு அதனைச் சொல்கின்றான். அவன் கூற்றில் ஒரு கணக்கு வருகின்றது: நேர்மையான ஏழைப் பெண்ணொருத்தி ஓயாது உழைத்தாலும் நாளொன்றுக்குப் பதினைந்து கொப்பெக் தேறாது. அத்துடன் ஒரு செய்தியும் வருகின்றது. குளொப்ஸ்தொக் என்னும் அரசாங்க ஆலோசகருக்கு அவள் அரை டசின் சட்டைகள் தைத்துக் கொடுத்தாள். கழுத்துப்பட்டி அளவு பிழைத்துவிட்டதென்று காரணங் காட்டி, கூலியுங் கொடாது, காலால் நிலத்தை உதைத்து வைது அவளைத் துரத்திவிட்டார் அப்பெரிய மனிதர். இதன் பின்னரே, சிற்றன்னை கத்தரீனா இவானோவ்னாவின் கடுஞ்சொல் தாளாது ஒரு மாலை ஆறு மணியளவில் அவள் வெளியே போகின்றாள். ஒன்பது மணியளவில் திரும்பி முப்பது ரூபிளை மேசைமீது வைத்துவிட்டு, குடும்பத்தார் பொதுவாகப் பாவிக்கும் பச்சைச் சால்வையால் தலையையும் முகத்தையும் மூடிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கின்றாள். மாலை வாங்கிய முப்பது ரூபிளும் நாட்கூலியான பதினைந்து கொப்பெக்கும் ஒரே கதையில் அடுத்தடுத்து நிற்கின்றன. அவளுடைய வீழ்ச்சிக்கு ஒழுக்கக் குறைவு காரணமன்று; தைத்த சட்டைக்குக் கூலி கிடையாமையே காரணம்.

ரஸ்கோல்னிகோவின் நிலை இதற்கு நேர்மாறானது. அவனுக்கு உழைக்க வழி இருந்தது. பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்துச் சம்பாதித்தவன் அதனைக் கைவிட்டான். ஏன் ஒன்றுஞ் செய்யாதிருக்கின்றாய் என்று பணிப்பெண் நஸ்தாசியா கேட்டபோது, தான் செய்யும் வேலை சிந்திப்பதே என்றான். நண்பன் ரசூமிகின் ஜெர்மன் கட்டுரையொன்றை மொழிபெயர்க்கக் கொடுத்து, முன்பணமாக மூன்று ரூபிளும் தந்தான். அவன் தாள்களையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு தெருவுக்கு இறங்கி, மீண்டும் மேலேறிச் சென்று இரண்டையும் மேசைமீது வைத்துவிட்டுப் பேசாது போய்விட்டான். அக்கட்டுரையின் பொருள், பெண் மனிதப் பிறவியா அல்லளா என்பது! டொஸ்தோயெவ்ஸ்கியின் அங்கதம் இவ்விடத்திற் கூர்மையானது. அவ்வினாவுக்குரிய விடையை மொழிபெயர்க்க மறுத்தவனே பின்னர் சோனியாவின் அறைக்குப் போக வேண்டியவனாகின்றான்.

ஆக, உழைப்பை நாடி உழைப்பால் வஞ்சிக்கப்பட்டவள் ஒருத்தி; உழைப்பைத் தன் தகுதிக்குக் கீழானதெனத் தள்ளி, ஒரே வெட்டில் உலகை மாற்ற எண்ணியவன் ஒருவன். இவ்விருவரும் கூடுமிடமே முடிவுரை. இம்முடிவுரையை விமரிசகர் பலர் ஒட்டுவேலை என்பர். பாவியின் மனமாற்றத்தை அவசர அவசரமாக முடித்துவைத்தார் ஆசிரியர் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. ரஸ்கோல்னிகோவை மட்டும் நோக்கினால் இக்குற்றச்சாட்டு நியாயமானதே. எட்டாண்டுக் கடூழியத் தண்டனை பெற்றுச் சைபீரியா சென்ற பின்னரும் அவன் கொலைக்காக வருந்துவதில்லை, தோற்றுப்போனதற்காகவே வெட்குகின்றான். காண வரும் சோனியாவுடன் கடுகடுத்துக் கொள்கின்றான். சக கைதிகள் அவனை வெறுக்கின்றனர். இத்தகையவன் ஆற்றங்கரையில் ஒரு காலைப்பொழுதில் அவள் காலடியில் விழுந்து அழுவது நம்பத்தக்கதா?

சோனியாவின் பக்கமிருந்து நோக்கும்போது விடை வேறாகின்றது. ஆசிரியர் அவளைப் பற்றி அங்கே தருபவை பெரும்பாலும் நடைமுறைச் செய்திகள். அவள் நகரில் தையல் வேலை தொடங்குகின்றாள். அங்கு உடை தைப்போர் அரிதாகையால் பல வீடுகளுக்கு அவள் இன்றியமையாதவள் ஆகின்றாள். கைதிகளுக்காகக் கடிதம் எழுதி அஞ்சலிற் சேர்க்கின்றாள். ஊரிலிருந்து வரும் அவர்களுடைய உறவினர் பணத்தையும் பொருளையும் அவளிடமே ஒப்படைத்துச் செல்கின்றனர். அவள் மூலமாகவே ரஸ்கோல்னிகோவுக்கு அதிகாரிகளின் ஆதரவு கிட்டி, அவனது வேலைப்பளுவும் குறைகின்றது. பீற்றர்ஸ்பேர்க்கில் அரை வயிற்றையும் நிரப்பாத அதே ஊசி, இங்கே அவளை வாழவைத்து அவனது கடூழியத்தையும் இலகுவாக்குகின்றது. அவனுடைய தங்கைக்கும் ரசூமிகினுக்கும் மாதந்தோறும் அவள் எழுதும் கடிதங்களில் இவ்வொரு செய்தி மாத்திரம் இடம்பெறுவதில்லை. அக்கடிதங்கள் உணர்ச்சிச் சொற்களின்றி, அவன் என்ன உண்டான், எவ்வாறிருந்தான் என்பவற்றை மட்டுமே கூறுவன. முதலிற் சற்று வறண்டனவாகத் தோன்றிய அவற்றையே பின்னர் அவர்கள் சிறந்தனவாகக் கொள்கின்றனர். தன் கதையைத் தந்தை சொல்லக் கேட்கும்படி வைக்கப்பட்டவள், முதன்முறையாகத் தானே எழுதுகின்றாள்.

இவ்வாறு நோக்கின் ஆற்றங்கரைக் காட்சிக்கு முன்னரே ஒருவருடைய வாழ்வு மீளக் கட்டப்பட்டுவிட்டது. அக்காட்சியில் நிகழ்வது, கட்டிய வீட்டுக்குள் மற்றவன் காலடி வைப்பது மாத்திரமே. அவள் நோயுற்று வராதிருந்த நாட்களில்தான் அவன் அவளை எதிர்பார்க்கக் கற்றுக்கொள்கின்றான். பென்சிலால் அவள் எழுதியனுப்பிய சிறு குறிப்பை வாசிக்கையில் அவன் நெஞ்சு படபடக்கின்றது. வேலைக்களத்தில் மரக்கட்டைமீது அமர்ந்து அக்கரை வெளியைப் பார்த்திருக்கும் அவனருகே அவள் வந்தமரும்போது, அவள்மீது பழைய மேலங்கியும் பச்சைச் சால்வையும் கிடக்கின்றன. குற்றத்தை ஒப்புக்கொள்ள அவன் புறப்பட்டபோதும் அவள் எடுத்துக்கொண்டது பச்சைச் சால்வையே. மார்மலாடோவ் கூறிய குடும்பச் சால்வை அதுவாகவே இருக்கலாமென்று ஆசிரியர் அங்கு நினைவூட்டுகின்றார். அவமானத்தை மூடிய நிறம் அன்பின் வேளையிலும் அவள் தோளில் இருக்கின்றது.

நாவலின் குறையையும் சொல்லவேண்டும். பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்து சோனியாவை மீட்டது அவளது உழைப்புமன்று, ரஸ்கோல்னிகோவின் அன்புமன்று. காமுகனான சுவித்திரிகைலோவ் தற்கொலைக்கு முன் கொடுத்துச் சென்ற மூவாயிரம் ரூபிள் பெறுமதியான பத்திரங்கள். சிறுபிள்ளைகளை விடுதிகளிற் சேர்த்ததும் அவனது பணமே. அந்நகரத்தின் கட்டமைப்புக்குள் ஓர் ஏழைப் பெண்ணுக்கு விடிவு காட்ட ஆசிரியராலும் முடியவில்லை. 1850 முதல் 1854 வரை ஒம்ஸ்க் சிறையிற் கிடந்து, அங்குள்ள மனிதரை நேரிற் கண்டறிந்த அவர், தலைநகரின் கூலிக்கணக்கைத் தீர்க்க இயலாது சைபீரியாவுக்குத் தம் பாத்திரங்களை நகர்த்துகின்றார்.

சோனியாவைத் தியாகத்தின் திருவுரு எனப் போற்றும் வழக்கம் நம்மவரிடையேயும் உண்டு. கண்ணகியையும் சீதையையும் போற்றிப் பழகிய நாவுக்கு அது எளிது. போற்றுதலில் ஒரு வஞ்சகம் உண்டு: தெய்வத்துக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. குளொப்ஸ்தொக் சட்டையை வாங்கிக்கொண்டு வைதார். நாம் வாங்கிக்கொண்டு வணங்குகின்றோம். டொஸ்தோயெவ்ஸ்கியும் இதற்கு முற்றிலும் விலக்கானவர் அல்லர். இறுதிப் பக்கத்தில் தலையணைக்கடியிலிருந்து ரஸ்கோல்னிகோவ் எடுக்கும் வேதப் புத்தகம், லாசரசின் உயிர்ப்பைச் சோனியா அவனுக்கு வாசித்த அதே பிரதி. அதனை முன்னர் அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தவள், அவனாற் கொலையுண்ட லிசவேத்தா. அவளும் பழந்துணி விற்றும் வீட்டுவேலை செய்தும் உழைத்தவள். அப்புத்தகத்தைக் கையிலேந்தும் அவன் எண்ணுவது சோனியாவின் நம்பிக்கைகளைப் பற்றி. லிசவேத்தாவின் பெயர் அவ்விடத்தில் வருவதில்லை.

எஞ்சியிருப்பது ஏழாண்டு. அக்காலம் இருவருக்கும் ஏழு நாட்களாகத் தோன்றியதென்று ஆசிரியர் கூறுகின்றார். அவ்வேழு ஆண்டும் சோனியா எத்தனை வீடுகளுக்கு உடை தைத்தாள் என்பது வேறு கதை. அக்கதையை அவர் எழுதவில்லை.