ஓடாத வரிகளும் ஓடிவிடும் பிழைகளும்

ஜொகூர் மாநிலத்தின் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலோ பாரிட் ராஜாவின் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகத்திலோ இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகப் படச் செயலாக்கத்தைத் தொடும் மாணவருக்கு, முதலில் அகப்படுவது பெரும்பாலும் ஓபன்சிவியாகத்தான் இருக்கும். 1999இல் இண்டெல் நிறுவனத்தில் கேரி பிராட்ஸ்கி தொடங்கி வைத்த திறமூல நிரலகம் அது. அதன் பைதான் பாடங்களோ 2013இல் கூகுளின் கோடைகால நிரலாக்கத் திட்டத்தில் பிறந்தவை. எழுதியவர் ஆபித் ரஹ்மான், வழிகாட்டியவர் அலெக்சாண்டர் மோர்ட்வின்ட்செவ். பத்தாண்டுக்கும் மேலாகப் பல கைகள் அந்தப் பாடங்களைப் புதுப்பித்து வருகின்றன. அந்த உழைப்பு எதைச் சரிசெய்தது, எதைத் தொடாமல் விட்டது என்பதை எடைபோட வேண்டிய காலம் வந்துவிட்டது.

நிறையை முதலில் சொல்லிவிடுகிறேன். இவை பக்கத்தில் ஆசிரியர் இல்லாதவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு படத்தின் அடையாளப் புள்ளிகள் என்றால் என்ன என்று விளக்கும் பாடம் எடுத்ததும் சூத்திரத்தை நீட்டுவதில்லை. துண்டுகளை அடுக்கிப் படமாக்கும் சிறுவர் விளையாட்டில் தொடங்கி, எந்தத் துண்டை எளிதில் இனங்காண்கிறோம், ஏன் மூலைகள் கண்ணில் படுகின்றன என்று கேட்டுக்கொண்டே போகிறது. இந்தப் பொறுமை பல பல்கலைக்கழகப் பாடநூல்களில் கிடையாது.

குறை நிரல் வரிகளில் இருக்கிறது. அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஓட்டியதும் நின்று கூச்சல் போடும் பிழை. உருவங்களின் வெளிக்கோட்டைத் தேடும் ஃபைண்ட்கான்டூர்ஸ் என்ற செயற்கூறு 2ஆம் பதிப்பில் இரண்டு மதிப்புகளைத் திருப்பித் தந்தது. 3ஆம் பதிப்பில் அது மூன்றானது. 2018இல் வந்த 4ஆம் பதிப்பில் மறுபடியும் இரண்டு. ஒரு காலத்துப் பாடத்தை வேறு காலத்துப் பதிப்பில் ஓட்டினால் ஏதோ ஒரு திருப்பத்தில் முட்டிக்கொள்ளலாம். சில நேரம் குற்றம் ஓபன்சிவியுடையதே அல்ல. பாடங்களில் வரும் இன்ட்0 என்ற எண்வகையை நம்பை என்ற எண்கணிப்பு நிரலகம் தன் 2.0 பதிப்பில், 2024இல், எடுத்துவிட்டது. அண்டை வீட்டுக்காரர் சுவரை இடித்ததால் இங்கே கூரை சரிந்த கதை. அடையாளப் புள்ளிகளைக் கண்டெடுக்கும் சிஃப்ட் முறையின் காப்புரிமை 2020 மார்ச்சில் முடிந்து, அது கூடுதல் தொகுப்பிலிருந்து முதன்மை நிரலகத்துக்கு வந்தபோதும் பாடத்தின் வரியை மாற்ற வேண்டியிருந்தது.

இந்த வகைப் பிழைகளைப் புதுப்பித்தவர்கள் ஓரளவு நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். யாராவது முட்டிக்கொள்வார், முறையிடுவார், இன்னொருவர் திருத்துவார். ஒரு திருத்தத்தைத் தனியாகவே பாராட்டலாம். கோப்பின் பாதை தவறாக இருந்தால், படத்தைத் திறக்கும் இம்ரீட் செயற்கூறு பிழை காட்டாது, வெறுமையைத்தான் தரும் என்று பழைய பாடம் எச்சரிக்கையாக மட்டும் எழுதி வைத்திருந்தது. எச்சரிக்கையைப் படிப்பவர் யார்? புதிய வடிவில் படம் வந்ததா என்று சோதித்து, வராவிட்டால் செய்தி சொல்லி நிறுத்தும் வரிகள் நிரலிலேயே சேர்ந்துவிட்டன.

இரண்டாவது வகைதான் தொல்லை. நிரல் ஓடும், விடையும் வரும், ஆனால் சொன்ன வேலை நடந்திருக்காது. அடையாளப் புள்ளிகளைப் பொருத்தும் பாடத்தில் கேடி மரம் என்ற தேடல் முறையைக் குறிக்கும் எண் பல காலம் 0 என்று இருந்தது. அந்தப் பாடம் பயன்படுத்தும் ஃபிளான் என்ற தேடல் நிரலகத்தில் 0 என்றால் ஒவ்வொன்றாக ஒப்பிடும் நேர்த்தேடல், மரத்துக்கு உரிய எண் 1. விடையில் தவறில்லை, வேகம் மட்டும் போயிற்று. மரத்தின் வேகத்தைப் பற்றி ஒரு பாடம் பேச, அதன் நிரல் மரத்தை நடவே இல்லை! பின்னர் 1 என்று திருத்திவிட்டார்கள். எந்தப் பிழைச்செய்தியும் வராத தவறு என்பதால்தான் அது அத்தனை நாள் பிழைத்திருந்தது.

ஜொகூர் மாணவரை நேராகத் தாக்கும் எடுத்துக்காட்டு வேறு. குளுவாங், கூலாய்ப் பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு நிறத்தைப் பிரிக்கும் பாடம் படித்ததும் செம்பனைக் குலை நினைவுக்கு வராமல் போகாது. காயில் கருமையும் ஊதாவுமாக இருந்து பழுத்ததும் செம்மஞ்சளாகும் வகைதான் இங்கே மிகுதி. நிறம் பார்த்துப் பழுத்ததைப் பிரிக்கும் ஆய்வுகளும் மலேசியாவில் நிறைய உண்டு. பாடமோ நீலப் பொருளைப் பின்தொடர்கிறது, நிறத்தைக் குறிக்கும் சாயல் எண் 110 முதல் 130 வரை. வேறு நிறம் வேண்டுமென்றால் அதன் எண்ணில் 10 குறைத்துக் கீழெல்லை, 10 கூட்டி மேலெல்லை என்கிறது. அதற்கு எடுத்துக்கொண்ட பச்சையின் எண் 60. விதி பிசகாமல் பொருந்துகிறது. சிவப்பின் எண் 0. பத்தைக் குறைத்தால்?

ஓபன்சிவியில் சாயல் 0இல் தொடங்கி 179இல் முடிந்து மறுபடி 0இல் சேரும் வட்டம். சிவப்பு அந்தத் தையலின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. -10 என்று கீழெல்லை கொடுத்தால் நிரல் முறைத்துக்கொள்வதில்லை. 0 முதல் 10 வரை அள்ளிக்கொண்டு, 170க்கு மேலுள்ள சிவப்பைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். கருஞ்சிவப்புப் பக்கம் சாய்ந்த பழங்கள் அந்த மறுமுனையில் விழலாம். மாணவர் வெளிச்சத்தைக் குறைசொல்வார், கேமராவைக் குறைசொல்வார். இரண்டு வீச்சுகள் வைத்து, அவை தேர்ந்த பகுதிகளைக் காட்டும் இரண்டு முகமூடிகளையும் சேர்க்க வேண்டும் என்பதை அந்த விதி சொல்லவில்லை. இதைப் பதிப்பு மாற்றத்தின் பழுது என்று தள்ளிவிட முடியாது. எடுத்துக்காட்டைத் தேர்ந்ததிலேயே உள்ள பழுது. 2013இல் இருந்ததுதான், எத்தனை வரித் திருத்தம் செய்தாலும் தானாகப் போகாது.

ஒப்பிட இன்னொரு திறமூல நிரலகம் இருக்கிறது. ஸ்டெஃபான் வான் டெர் வால்ட் தொடங்கிய சைக்கிட்-இமேஜ். அதன் எடுத்துக்காட்டுக் கூடத்தில் உள்ள ஒவ்வொரு நிரலும் ஆவணம் உருவாகும்போதே ஓட்டப்படுகிறது. பக்கத்தில் தெரியும் படம் அந்த ஓட்டத்தில் பிறந்த படம். செயற்கூறு மாறினால் ஆவணமே உருவாகாமல் நின்று காட்டிக்கொடுக்கும். முதல் வகைப் பிழைக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் விளக்கம் பல பக்கங்களில் சில வரிகளோடு நின்றுவிடுகிறது. எதற்காக இந்த முறை, எப்போது இது தோற்கும் என்று தெரிந்தவருக்கே அவை பயன்படும். ஓட்டிப் பார்த்த நிரலும் தவறான எடுத்துக்காட்டைத் தேர்ந்திருந்தால் தவறாகவே கற்பிக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஓபன்சிவி ஏன் தன் பாடங்களின் நிரலை அப்படி ஓட்டிப் பார்க்கவில்லை? சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. அதன் சி++ பாடங்கள் பலவும் தனிக் கோப்பில் உள்ள நிரலைத்தான் எடுத்துக் காட்டுகின்றன. பைதான் பாடங்களில் சிலவும் அப்படி மாறிவிட்டன. மிச்சமுள்ள பலவற்றில் நிரல் உரைக்குள்ளேயே தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது, ஆவணம் உருவாகும்போது அது ஓட்டப்படுவதில்லை. தவிர, பாடங்கள் சாளரம் திறந்து விசை அழுத்தலுக்குக் காத்திருக்கின்றன, சில கேமராவைக் கேட்கின்றன. திரையே இல்லாத சோதனைக் கணினியில் அவை அப்படியே தொங்கும். கணிப்பை ஒரு பக்கமும் காட்டுவதை இன்னொரு பக்கமும் பிரித்து, விளைந்த படத்தைச் சேமித்து ஒப்பிட்டால் இந்தத் தடை தீரும். சலிப்பூட்டும் வேலை, முடியாத வேலை அல்ல.

இவற்றைத் தமிழுக்கோ மலாய்க்கோ கொண்டுவரலாமே என்ற விருப்பமும் எழும். கணியம் மின்னிதழ் 2012 முதல் திறமூல நுட்பங்களைத் தமிழில் எழுதி, இது ஆகிற காரியம்தான் என்று காட்டியிருக்கிறது. ஆனால் ஓட்டிப் பார்க்காத நிரலை மொழிபெயர்த்தால் ஒரு பழுதை இரண்டு இடத்தில் பராமரிக்க நேரும், இரண்டாவது இடத்தில் கைகளும் குறைவு.

என் தீர்ப்பு இது. ஓபன்சிவியின் பைதான் பாடங்களைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதத் தேவையில்லை. தனியாகப் படிப்பவருக்கு அவற்றின் உரை இன்றும் சைக்கிட்-இமேஜின் கூடத்தைவிட நல்ல ஆசான். அவற்றின் நிரல்தான் நம்பகத்தில் ஒரு படி கீழே. இதுவரை நடந்த புதுப்பித்தலுக்குப் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன். கூச்சல் போட்ட பிழைகளைத் திருத்தியது, கூச்சல் போடாதவற்றைத் தற்செயலுக்கு விட்டது. சி++ பாடங்கள் சிலவற்றின் தலையில் 3.0க்கு மேல் எல்லாப் பதிப்புக்கும் பொருந்தும் என்ற உறுதிமொழி வேறு காணப்படுகிறது. கடைசியாக எந்தப் பதிப்பில் ஓட்டிப் பார்த்தது என்ற ஒற்றை எண் அதைவிட நேர்மையானது. உரைக்குள் சிக்கியிருக்கும் நிரலைத் தனிக் கோப்புகளுக்குக் கொண்டுபோவது முதல் வேலை. அது முடியும்வரை காத்திராமல், நிறப் பாடத்தில் பச்சைக்குக் கீழே சிவப்பையும் ஓர் எடுத்துக்காட்டாகச் சேர்த்துவிடலாம். அதற்கு நான்கு வரிகள் போதும்.