இரக்கமும் எச்சரிக்கையும்: ஆட்கடத்தல் பற்றிய இரு தமிழ்ப் படைப்புகள்

ஆட்கடத்தல் என்ற சொல், ஒருவரைக் கட்டித் தூக்கிச் செல்லும் காட்சியையே பலரது மனத்திலும் எழுப்புகின்றது. பெரும்பாலும் நடைபெறுவது அதுவன்று. ஏமாற்றுதலும், ஒருவரது நலிந்த நிலையைப் பயன்படுத்துதலும் ஆட்கடத்தலின் வழிகளே என்பதையும், அவ்வழிகளாற் பெறப்பட்ட சம்மதம் சம்மதமாகாது என்பதையும் ஐக்கிய நாடுகள் சபை 2000ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட பலெர்மோ நெறிமுறை வரையறுத்தது. இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையும் 2006ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி ஆட்கடத்தலைக் குற்றமாக்கியது. சட்டம் கண்ட இவ்வுண்மையை மக்கள் மனத்திற் பதிப்பதற்கு இலக்கியம் எவ்வாறு உதவும் என்ற வினாவுக்கு இரு படைப்புகளை ஒப்புநோக்குதல் பயன்தரும்.

முதலாவது, பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’. 1879 தொடக்கம் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜித் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெண்கள் பட்ட அவலத்தைப் பாரதி பாடினார். தூரத்துத் துயரைத் தமிழரின் சொந்தத் துயராக்கியமை அப்பாடலின் சாதனை எனலாம். ஆயினும், அது காற்றை விளிக்கின்றது, தெய்வத்தை அழைக்கின்றது. அப்பெண்களைக் கப்பலேற்றியவன் யார் என்ற வினா அங்கு எழவில்லை. படிப்போன் கண்ணீர் விடுகிறான். ஆனால் தன் ஊருக்கு வரும் ஆள்பிடிப்பவனை அடையாளங்காணக் கற்கவில்லை.

1935இல் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ இவ்விடத்தில் ஒருபடி முன்செல்கின்றது. திருநெல்வேலிச் சீமையின் கிராமமொன்றைச் சேர்ந்த தாழ்த்தப்பட்ட சாதிப் பெண் மருதி, கணவன் வெள்ளையன் சிறை சென்றபின் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை அடைகிறாள். அங்கே துரையின் காமத்துக்கு இரையாகிறாள். அவளை எவரும் கட்டி இழுத்துச் செல்லவில்லை. சாதியும் வறுமையும் ஊரிலிருந்து தள்ளின. ஆசைவார்த்தை அப்பாலிருந்து இழுத்தது. தோட்டத்துக் கொடுமையின் வேர் ஊரிலேயே இருப்பதைக் காட்டியமையே கதையின் பலமாகும்.

இக்கதையின் பின்புலத்தில் இயங்கியது கங்காணி முறை. தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்ற பேச்சு மலையகத்தில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. கங்காணி அந்நியனல்லன்; பெரும்பாலும் உறவினன், அன்றேல் ஊரவன். வழிச்செலவுக்குக் கொடுத்த முன்பணம் தோட்டத்தை அடைந்ததும் கடனாயிற்று. அக்கடனைத் தீர்க்க முன்வரும் தோட்டத்துக்கே தொழிலாளி மாறலாம் என்ற ‘துண்டு’ முறை 1921 வரை நிலவியது. மலையகக் குடியேற்றம் முழுவதையும் ஆட்கடத்தல் என்றுரைப்பது வரலாற்றை எளிமைப்படுத்துவதாகும். எனினும் பொய்வாக்கும் கடனும் கூடியே அங்கு ஆளைப் பிணித்தன என்பது மறுக்கவியலாதது.

புதுமைப்பித்தனுக்கும் ஓர் எல்லை உண்டு. ‘மணிக்கொடி’யைப் படித்தோர் கற்ற நடுத்தர வகுப்பினர், மருதிகள் அதைப் படித்திருக்க முடியாது. அந்த இடைவெளியை நிரப்ப முயன்றவர் மீனாட்சி அம்மை. கணவர் கோ. நடேசய்யருடன் தோட்டக் கூட்டங்களுக்குச் சென்று, பாரதி பாடல்களையும் தாம் இயற்றிய பாடல்களையும் தொழிலாளர் முன்னிலையிலேயே பாடினார். கலைநயத்தில் அவர்தம் பாடல்கள் ‘துன்பக்கேணி’க்கு நிகரல்ல எனலாம். ஆனால் துன்புறுவோரைப் பற்றிப் பேசாது, அவர்களோடு பேசின. விழிப்புணர்வு இலக்கியத்தை மதிப்பிடுகையில் இவ்வேறுபாட்டைப் புறக்கணித்தலாகாது.

இது பழங்கதையன்று. கணினித் தொழில் என நம்பிச் சென்ற இலங்கை இளைஞர்கள், மியன்மாரின் மியாவாடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களிற் சிக்கி, 2024இல் ஒரு பகுதியினர் மீட்கப்பட்டனர். பாமரரே ஏமாறுவர் என்ற எண்ணத்தை இது தகர்த்தது. கங்காணியின் இடத்தில் முகவர் நிற்கிறார். முன்பணத்தின் இடத்தில் முகவர் கட்டணத்துக்காகப் பட்ட கடன் நிற்கிறது. ஆயினும் நம் சுவரொட்டிகளிற் பல, விலங்கிட்ட கைகளையே இன்னும் வரைகின்றன. அவை இரக்கத்தை எழுப்பும், எச்சரிக்கையைத் தாரா. வரைய வேண்டியது விலங்கையன்று; புன்னகையோடு வீட்டு வாசலில் நிற்கும் தெரிந்த முகத்தையே.