எட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு பவளமல்லி

நெல்லைச் சீமையில் ‘வளவு’ என்று ஒரு சங்கதி உண்டு. தெருப் பக்கம் ஒரே வாசல். உள்ளே போனால் நடுவில் பாதை, இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. இந்தச் சாரலுக்கு, குற்றாலத்தை அடுத்த மேலகரத்தில் அத்தை வீட்டு வளவில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தேன். வந்த நாளிலிருந்து சென்னையில் அகப்பட்டவர்களையெல்லாம் பிடித்து வைத்து வளவுப் புராணம் பாடிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு நீங்கள் மாட்டினீர்கள்.

எட்டு வீடுகள். இரண்டு கையையும் விரித்தால் மிச்சம் ஒரு முழம்தான், பாதை அவ்வளவு குறுகல். இந்த நெருக்கத்தில் மனுசன் எப்படி இருப்பான் என்று பயந்துகொண்டுதான் போனேன். முதல் நாள் மத்தியானம் முன்கட்டான தார்சாவில் சாய்ந்ததோடு பயம் போயிற்று. எல்லாம் அழி செய்த வேலை! தரையிலிருந்து உத்தரம் வரை, இரண்டு விரல் இடைவெளி விட்டு நிறுத்திய மரச்சட்டங்கள். உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம். எதிர்வீட்டு மைனி அழியை உரசுகிற மாதிரி நடந்து போனார். நான் அவரைப் பார்க்கிறேன், நான் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. திரைச்சீலையும் வேண்டாம், காற்றுக்கும் தடையில்லை. செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிற சாரல் காற்று தாராளமாக உள்ளே வந்து உடம்பைத் தடவிவிட்டுப் போகிறது. ராத்திரி விளக்குப் போட்டால் கதை தலைகீழ். அப்போது உள்பக்கப் பலகைக் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

வேலை வெட்டி இல்லாமல் டேப் வைத்து அளந்தும் பார்த்தேன். எதிரெதிர் வாசல் எதுவும் நேருக்கு நேர் இல்லை, சரியாக ஒரு கதவு அகலம் தள்ளி இருக்கிறது! தெருவாசல் நடையும் ஒரு திருப்பம் திரும்பித்தான் உள்ளே விடுகிறது. பால்காரர் படியோடு நிற்பார். சீட்டுப் பணம் வாங்க வருகிறவர் திண்ணை வரை. வளவுப் பெண்கள் உள்கூடமான பட்டாசல் வரை சகஜமாக வருவார்கள். அடுக்களைக்குள் வர அத்தை கூப்பிட வேண்டும். இந்த எல்லைகளை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இனி கிணற்றடி. பவளமல்லி, மருதாணி, கறிவேப்பிலை, துவைத்த தண்ணீரைக் குடித்தே குலை தள்ளிய இரண்டு வாழை. தோட்டம் என்று அதை யாரும் சொல்வதில்லை. ஆனால் எட்டு வீட்டாரும் தினம் நாலு தடவை அதைத் தாண்டியே ஆக வேண்டும். புதிதாகப் போடுகிற மனைகளில் கதை வேறு. தமிழ்நாட்டு விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால் 10 சதவீதம் திறந்தவெளி விட வேண்டும். நான் பார்த்த மனைப்பிரிவுகளில் அது பெரும்பாலும் வேறெதற்கும் ஆகாத மூலையில் கிடக்கும். யார் போவார்கள் அங்கே?

1980களில் நவி மும்பை பேலாப்பூரில் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா இந்தக் கிணற்றடிச் சங்கதியை அழகாகச் செய்திருக்கிறார். 8 மீட்டருக்கு 8 மீட்டர் முற்றம், அதைச் சுற்றி ஏழு வீடு. அப்படி மூன்று கூட்டம் சேர்ந்தால் இன்னொரு பெரிய முற்றம். அடுக்குமாடி கட்டாமலே ஹெக்டேருக்கு 500 பேர்! அங்கே வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டாது, அவரவர் வசதிப்படி பிற்பாடு இழுத்துக் கட்டலாம். என் கண்ணுக்கு அது நம் வளவின் மராத்தி மச்சான். ஏழெட்டு வீடு என்பதில்தான் சூட்சுமம். எல்லோர் பெயரும் தெரியும், கிணற்றடியில் குப்பை போட்டது யார் என்பதும் தெரியும்.

குறை இல்லாமலா? சத்தத்துக்கு அழி கிடையாது. “ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த இருமு இருமுனியே, மிளகு தட்டிப் போட்டுக் குடிச்சியாடே?” என்று மூன்றாவது வீட்டு ஆச்சி காலையில் விசாரிக்கிறார். கக்கூஸ் ஒன்றே ஒன்றாக இருந்த காலத்தை அத்தையிடம் கேட்டுவிடாதீர்கள், பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். இப்போது வீட்டுக்கு ஒன்று கட்டிவிட்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பும்போது சாரல் பிடித்துக்கொண்டது. கிணற்றடிக் கொடியில் காயப்போட்ட துணி போச்சு என்று ஓடி வந்தேன். கொடி காலி. எட்டுத் திண்ணையிலும் அவரவர் துணி மடித்து வைத்திருந்தது. என் வேட்டி மேல் மட்டும் எதிர்வீட்டுப் பாப்பாவின் கவுன் ஒன்று.