வாளின் மின்னலும் கோடரியின் வேலையும்

இமாம் ஷாமில் (ரஹ்) அவர்களின் பெயரைக் கேட்டதும் நம் நெஞ்சில் எழுவது, உருவிய வாளுடன் மலைமுகட்டில் நிற்கும் ஒரு வீரரின் தோற்றமே. ரஷ்யப் பேரரசின் பெரும்படையை 1834 முதல் 1859 வரை 25 ஆண்டுகள் எதிர்த்து நின்றவரை நாம் அவ்வாறு போற்றுவது இயல்புதான். ஆயினும் போற்றுதல் வேறு, வரலாறு வேறு. தாகிஸ்தான், செச்னியா மக்களின் விடுதலைப் போர் எவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது என்பதை மூன்று நூல்களை முன்வைத்து ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது, இமாமின் எழுத்தராக இருந்த முஹம்மது தாஹிர் அல்கராகீ அரபு மொழியில் எழுதிய 'பாரிகத்துஸ் ஸுயூஃபித் தாகிஸ்தானிய்யா'. தாகிஸ்தானிய வாள்களின் மின்னல் என்பது அத்தலைப்பின் பொருள். இமாமின் வாய்மொழியையே ஆதாரமாகக் கொண்டது என்பதே இந்நூலின் தனிப்பெருமை. 1839இல் அகுல்கோ முற்றுகை ஏறத்தாழ 80 நாட்கள் நீடித்தது. ரஷ்யத் தரப்பில் ஏறத்தாழ 3000 பேர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். இமாமோ தம் மூத்த மகன் ஜமாலுத்தீனைப் பிணையாக ஒப்படைக்க நேர்ந்தது. இத்தகைய நிகழ்ச்சிகளை மலைமக்களின் கண்கொண்டு காண நமக்கு வாய்த்த வாயில் இந்நூலே. எனினும் ஒரு குறை உண்டு. ரஷ்யர் பக்கம் சேர்ந்த முஸ்லிம்களை முனாஃபிக்குகள் என்று அது ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறது. நீண்ட போரில் களைத்த கிராமத்தார் ஏன் விலகினர் என்ற வினா அச்சொல்லுக்குள் புதைந்துவிடுகிறது.

இரண்டாவது, ஆங்கிலேயர் ஜான் பேட்லி 1908இல் வெளியிட்ட காக்கசஸ் வெற்றி பற்றிய நூல். இவர் பெரிதும் ரஷ்ய ஆதாரங்களையே சார்ந்தவர். ஆனால் போரின் முடிவை நிர்ணயித்தது எது என்பதை இவரே தெளிவாகக் கண்டார். செச்னியர்களை வென்றது வாளன்று, கோடரி என்பது இவர் முடிபு. அடர்ந்த காடுகளே அம்மக்களின் கோட்டை. 1845இல் தார்கோவை நோக்கிப் படை நடத்திய வொரன்த்சோவ், மரங்களின் மறைவிலிருந்து பாய்ந்த தாக்குதல்களில் 3500க்கும் மேற்பட்டோரைச் சாவிலும் காயத்திலும் இழந்து அரிதின் மீண்டார். அப்பாடத்திற்குப் பின் ரஷ்யர்கள் விரைந்த படையெடுப்பைக் கைவிட்டு, ஆண்டுதோறும் காடுகளை வெட்டிச் சாலை அமைக்கலாயினர். மரம் வெட்டுவோருக்கு இமாம் தண்டம் விதித்ததன் காரணம் இப்போது விளங்கும். காடு அழியுந்தோறும் செச்னியாவின் விளைநிலங்கள் அவர் கைவிட்டுப் போயின. 1856இல் கிரீமியப் போர் முடிந்ததும் பெரும்படை இப்பக்கம் திரும்பியது. 1859இல் வெதெனோ வீழ்ந்தது. அவ்வாண்டிலேயே குனிப் மலையில் ஏறத்தாழ 400 பேருடன் முற்றுகையிடப்பட்டு இமாம் சரணடைந்தார்.

மூன்றாவது, மோஷே காமர் 1994இல் வெளியிட்ட ஆய்வு. ரஷ்ய ஆவணங்களோடு அரபு மூலங்களையும் வைத்து ஒப்பிடுவதே இதன் சிறப்பு. நாயிப்களை நியமித்து நாட்டைப் பிரித்து ஆண்டமை, நிலையான குதிரைப்படை, ஷரீஅத்தை ஒட்டிய நிஜாம் என்னும் ஆணைகள் ஆகியவை இதில் விரிவாக ஆராயப்படுகின்றன. பிளவுபட்ட மலைக்குலங்களை ஓர் அரசாக்கிய நிர்வாகியை இங்கே நாம் சந்திக்கிறோம். இமாமை வெறும் மதவெறியராகச் சித்திரிப்போரும், கராமத்துகளை மட்டுமே பேசுவோரும் காணத் தவறுவது இந்த மனிதரைத்தான்.

இவ்வரலாறு வெறும் ஏட்டுச் சர்ச்சை அன்று. 1950இல் அஸர்பைஜான் அறிஞர் ஹைதர் ஹுசைனோவ், இமாமின் இயக்கத்தை முற்போக்கானதாக மதிப்பிட்டமைக்காகக் கண்டனத்திற்கு ஆளானார். அவர் நூலுக்கு அளிக்கப்பட்ட ஸ்டாலின் பரிசு பறிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆட்சியாளரின் தேவைக்கேற்ப ஒரு போரின் பொருள் மாற்றி எழுதப்படும்போது, உண்மையைச் சொன்னவர் கொடுத்த விலை இது. வேறொரு நோக்கத்திற்காக நாமும் வரலாற்றை வளைப்போமாயின், அவர்களைக் குறைகூறும் தகுதியை இழப்போம்.

வாள்களின் மின்னலைப் பாடிய நூலை நாம் போற்றுவோம். அதனருகே கோடரியின் வேலையைச் சொன்ன நூலையும் வைத்துப் படிப்போம். தோல்விக்கு ஈமானின் குறைவை மட்டுமே காரணமாக்குவது, இறுதிவரை நின்று போரிட்டோருக்கு நாம் இழைக்கும் அநீதி. 1860இல் திமிஷ்கில் கலவரக்காரர்களிடமிருந்து கிறிஸ்தவர்களைக் காத்த அல்ஜீரிய அமீர் அப்துல் காதிரைப் பாராட்டி, சிறைப்பட்ட நிலையிலிருந்து கடிதம் எழுதியவர் இமாம் ஷாமில். 1871இல் மதீனாவில் மறைந்து ஜன்னத்துல் பகீயில் அடங்கிய அப்பெருமகனாருக்குப் புனைவு தேவையில்லை. நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறு எழுதினாலே அவர் உயர்ந்து நிற்கிறார்.