ஊர்ப்பெயரும் பாடற்குரலும்: சிற்றூர்ப் பாடலாசிரியர் கதையும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

1. முன்னுரை

சிற்றூரில் பிறந்த ஒருவர் பாட்டெழுதும் ஆசையுடன் பெருநகருக்குச் செல்கிறார். அங்கு வேறொரு தொழிலால் வயிறு வளர்க்கிறார். இறுதியில் பாட்டால் அறியப்படுகிறார். இக்கதைக் கூறு பல மொழிகளில் உண்டு. ஆங்கிலத்தில் இதன் அண்மைக்கால வடிவங்களுள் பரவலாக அறியப்பட்டது, 2000-ஆம் ஆண்டில் டேவிட் மெக்னாலி இயக்கத்தில் வெளிவந்த 'கயோட்டி அக்ளி' என்னும் அமெரிக்கத் திரைப்படம். நியூ ஜெர்சி மாநிலத்தின் சவுத் ஆம்பாய் என்னும் சிற்றூரிலிருந்து வயலட் என்னும் இளம்பெண் நியூயார்க்கிற்கு வந்து, கூச்சல் மிகுந்த ஒரு பாரில் பணிபுரிந்துகொண்டே பாடல் இயற்றுவதே அதன் கதை.

இதே கூறு வாழ்க்கை வரலாறாக அமைந்த ஒரு நிகழ்வு திருவனந்தபுரத்தில் உண்டு. மலையாளத் திரைப்பாடலாசிரியர் திருநயினார்குறிச்சி மாதவன் நாயர் அத்தகையவர். இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கும்போது, அமெரிக்கக் கதையைத் தமிழில் பெயர்ப்பவர் எதிர்கொள்ளும் இடர்கள் தெளிவாகின்றன. அவ்விடர்களுள் சில சொல் அளவில் நிற்பவை; பிற சொல்லுக்கு அப்பாற்பட்டவை. ஊர், தொழில், குரல் ஆகிய மூன்றும் ஒரு பண்பாட்டில் பாடலாசிரியரோடு எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை அறியாமல் சொல்லுக்குச் சொல் நிகரன் தேடுவது பயன் தராது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

2. சொல் அளவிலான இடர்கள்

2.1. பார்

'பார்' என்னும் சொல்லுக்குத் தமிழில் பல நிகரன்கள் உள்ளன. கள்ளுக்கடை, சாராயக்கடை என்பன விற்கப்படும் மது வகையால் பெயர் பெற்றவை. கள்ளுக்கடை என்பது விடுதலைப் போராட்டக் கால மறியலின் நினைவையும் உடன் சுமந்து வருகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் விற்பனைக்குத் தடை இருப்பதால், அச்சொல் இன்று பெரிதும் கடந்தகாலத்தைச் சுட்டுவதாகவே உள்ளது. மதுக்கூடம் என்பது பெயர்ப்பலகையிலும் அரசு ஆவணத்திலும் வாழும் சொல். பேச்சில் வழங்குவது 'பார்' என்னும் கடன்சொல்லே. ஆனால் 2003-இல் மதுச் சில்லறை விற்பனையைத் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் ஏற்ற பிறகு, 'பார்' என்றதும் தமிழ்நாட்டார் மனத்தில் பெரும்பாலும் தோன்றுவது, அரசு மதுக்கடையை ஒட்டி அமர்ந்து குடிப்பதற்கென அமைந்த இடமே. திருவனந்தபுரத்தில் நிலை வேறு. அங்கு 'ஷாப்பு' என்னும் ஆங்கிலக் கடன்சொல் தனித்து நிற்கும்போது பெரும்பாலும் கள்ளுக்கடையையே குறிக்கும். 'பார்' என்பது உரிமம் பெற்ற உணவு விடுதியைச் சார்ந்தது. ஒரே கடன்சொல் அண்டை மாநிலங்கள் இரண்டில் வெவ்வேறு பொருண்மை எல்லைகளைப் பெற்றுள்ளமை நோக்கத்தக்கது.

இவற்றுள் எதிலும் மேடை இல்லை. அமெரிக்கப் படத்தின் பாரிலோ பணிப்பெண்கள் மேசை மீதேறி ஆடுகின்றனர். கைகலப்பு மூளும்போது வயலட் இசைப்பெட்டியில் ஒலிக்கும் பாட்டோடு இணைந்து பாடிக் கூட்டத்தை அடக்குகிறாள். அங்கு பார் என்பது குடிக்கும் இடம் மட்டுமன்று, அவையும் ஆகும். தமிழ்ச் சொற்கள் யாவும் இடத்தைப் பெயர்க்கின்றன. அவ்விடத்தின் செயற்பாட்டைப் பெயர்க்கவில்லை. மேலும், பெண் ஒருத்தி மதுவிடுதியில் பணிபுரிவதும் இந்தியச் சூழலில் நடுநிலையான செய்தியன்று. மதுவிடுதிகளில் பெண்களைப் பணியமர்த்தத் தடைவிதித்த பஞ்சாப் ஆயத்தீர்வைச் சட்டப் பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது 2007-இல்தான்.

2.2. ரவுடி

ஆங்கிலத்தில் 'ரவுடி' பெரும்பாலும் பெயரடையாக வழங்கும். கூச்சலும் கட்டுக்கடங்காமையும் அதன் பொருள். தமிழில் அது பெயர்ச்சொல், அடியாளையே குறிக்கும். எனவே 'ரவுடி பார்' என்று எழுதினால் அடியாட்கள் நடத்தும், அல்லது அடியாட்கள் கூடும் இடம் என்றே தமிழ் வாசகர் கொள்வர். களிப்பின் கூச்சல் வன்முறையின் அச்சமாக மாறிவிடுகிறது. 'கூச்சலும் கும்மாளமுமான' என்னும் தொடரே மூலத்திற்கு அணித்தானது. கடன்சொல் பெயர்ப்பு மொழியிலும் இருப்பதனாலேயே அது நிகரன் ஆகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

2.3. பாடலாசிரியர்

மேற்கூறிய இரண்டினும் சிக்கலானது இச்சொல். ஆங்கில மூலச்சொல் சொல்லையும் மெட்டையும் ஒருவரே ஆக்குவதை இயல்பாகக் கொள்கிறது. படத்தில் வயலட் விசைப்பலகை இசைக்கருவியுடன் வீட்டு மொட்டை மாடியில் அமர்ந்து இரண்டையும் ஒருங்கே ஆக்குகிறாள். தமிழில் 'பாடலாசிரியர்' என்றால் சொல்லை எழுதுபவர். மெட்டு இசையமைப்பாளருக்கு உரியது. 'பாட்டு எழுதினார்' என்னும் தொடரில் மெட்டு அடங்காது. ஆகவே 'பாடலாசிரியை' என்று பெயர்த்துவிட்டு இசைக்கருவிக் காட்சிக்கு வரும்போது, அவள் ஏன் இதைச் செய்கிறாள் என்னும் ஐயம் வாசகருக்கு எழும். சொல்லையும் இசையையும் ஒருங்கே ஆக்குபவரைக் குறிக்கும் 'வாக்கேயக்காரர்' செவ்விசை மரபுக்கு உரியது, மதுவிடுதிக்குப் பொருந்தாது. நாட்டார் வழக்கிலுள்ள 'பாட்டுக் கட்டுதல்' என்னும் வினையோ சொல்லையும் மெட்டையும் பிரிப்பதில்லை. 'பாட்டுக் கட்டுகிறவள்' என்பது ஏற்புடைய பெயர்ப்பாகலாம்.

3. திருவனந்தபுரச் சான்று

திருநயினார்குறிச்சி மாதவன் நாயர் 1916-இல் பிறந்து 1965-இல் மறைந்தவர். அவர் ஊர் அன்றைய திருவிதாங்கூரின் தென்பகுதியில் இருந்தது. அவர் திருவனந்தபுரம் வானொலி நிலையத்தில் பணியாற்றினார். 1943-இல் திருவிதாங்கூர் அரசின் நிலையமாகத் தொடங்கிய அது, 1950-இல் அகில இந்திய வானொலியின் பகுதியாயிற்று. பி. சுப்பிரமணியம் 1951-இல் நேமத்தில் நிறுவிய மெரிலாண்ட் படப்பிடிப்பு நிலையத்தின் படங்கள் பலவற்றிற்கு மாதவன் நாயர் பாட்டெழுதினார். 1952-இல் வெளிவந்த 'ஆத்மசகி' முதல் அவ்வுறவு நீண்டது.

இங்குப் பாரின் இடத்தில் வானொலி நிலையம் நிற்கிறது. வயிற்றுப்பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே அமெரிக்கக் கதை ஒரு பகையை வைக்கிறது. பார்ப் பணி அவளது கலைக்கு இடையூறாகவும் பின்னர்த் துணையாகவும் காட்டப்படுகிறது. திருவனந்தபுரத்தில் அப்பகை பெரிதன்று. பணியிடமே சொல்லும் இசையும் புழங்கும் இடம். தமிழில் இதனை ஒத்த இடம் நாடகக் குழு. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் சக்தி நாடக சபையில் நடித்துப் பின் திரைக்கு வந்தார். ஒலிபெருக்கி இல்லாத காலத்து நாடகக் கொட்டகையில், கூச்சலிடும் கூட்டத்தைப் பாட்டால் அடக்குவது நடிகரின் தொழில்தேவை. வயலட் பாரில் செய்ததற்கு உண்மையான தமிழ் நிகர் இதுவே. செயற்பாட்டு நிகரன் தேடும் மொழிபெயர்ப்பாளர் மதுக்கடையை விடுத்துக் கொட்டகையை எண்ணிப் பார்க்கலாம்; குறைந்தது, தாம் எழுதும் பாரில் ஓர் அவை உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே வாசகருக்கு உணர்த்தலாம்.

மற்றொரு வேறுபாடும் உண்டு. அக்கால மலையாளப் படங்களில் இந்தி, தமிழ் மெட்டுகளுக்குச் சொல் பொருத்தும் வழக்கம் மிகுதி. முன்னரே அமைந்த மெட்டின் குறில் நெடில் அளவுக்கு ஏற்பச் சொல் தேடுவது மொழிபெயர்ப்புக்கு நெருங்கிய தொழில். அச்சூழலில் பாடலாசிரியரின் திறன் தன்னை வெளிப்படுத்துவதில் மட்டும் இல்லை. பிறிதொரு மொழிக்கென அமைந்த இடத்தில் தன் மொழியை இடறாமல் நடக்கச் செய்வதிலும் இருந்தது.

4. ஊர்ப்பெயர்

திருநயினார்குறிச்சி என்னும் பெயர் தனித்து ஆராயத்தக்கது. திரு, நயினார், குறிச்சி என அது பிரியும். மூன்றும் தமிழில் இயல்பாக வழங்குபவை. குறிச்சி என்பது குறிஞ்சி நிலத்து ஊரைக் குறித்த பழஞ்சொல். மலையாளப் பாடல் வரலாற்றில் நிலைபெற்ற ஒருவரின் பெயர் இவ்வாறு தமிழ் உறுப்புகளால் ஆன ஊர்ப்பெயரைத் தலையில் தாங்கி நிற்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. பாடலாசிரியர் திருவனந்தபுரத்தில் மலையாளத்தில் எழுதிக்கொண்டிருக்க, அவர் பெயரிலிருந்த ஊர் மாநிலம் மாறிற்று. பெயர் மாறவில்லை.

சிற்றூரார் பெருநகரில் பெயர் எடுக்கும்போது ஊரைப் பெயரோடு கொண்டுசெல்வது தமிழ், மலையாள மரபுகள் இரண்டற்கும் பொது. உடுமலை நாராயணகவி, பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், வயலார் ராமவர்மா என்பன சான்றுகள். ஆயினும் நுண்ணிய வேறுபாடு ஒன்று காணப்படுகிறது. நாராயணகவி பிறந்தது பூளவாடி; கல்யாணசுந்தரம் பிறந்தது செங்கப்படுத்தான்காடு. அவர்தம் பெயர்களில் இருப்பவை அருகிலுள்ள பெரிய ஊர்கள். திருநயினார்குறிச்சியும் வயலாரும் பிறந்த ஊரையே தாங்கியுள்ளனர். தமிழில் ஊர்ப்பெயர் மேலும் 'பட்டுக்கோட்டையார்' என உயர்வு விகுதி பெற்று ஆளையே குறிக்கிறது. 'வயலார்' என்பதன் ஈற்றையும் தமிழ் வாசகர் அவ்விகுதியாகக் கருதக்கூடும். அஃது ஊர்ப்பெயரின் பகுதியே ஆகும்.

அமெரிக்கப் படத்திலும் ஊர்வழிப் பெயர் உண்டு. பாரில் வயலட்டை 'ஜெர்சி' என்று அழைக்கின்றனர். ஆனால் அது அவள் ஏற்றுக்கொண்ட பெயரன்று. நகரம் அவளுக்குச் சூட்டிய கேலிப்பெயர். நியூயார்க்கார் அண்டை மாநிலத்தாரைச் சற்றுத் தாழ்வாக நோக்கும் பார்வை அதில் உள்ளது. இங்கு ஊர்ப்பெயர் மதிப்பின் அடையாளம். அங்கு அயன்மையின் அடையாளம். அதனை ஒலிபெயர்த்து எழுதும்போது புதிய இடர் ஒன்றும் நேர்கிறது. தமிழகச் சிற்றூர்களில் 'ஜெர்சி' என்றதும் நினைவுக்கு வருவது கறவை மாட்டினம். மெல்லிய கேலி தமிழில் கடுமையான இழிப்பாகிவிடும். 'ஜெர்சிக்காரி' என விகுதி சேர்த்து எழுதினால் ஊர்ப்பொருள் நிலைபெறும். கேலியின் அளவும் கெடாது.

5. குரல்

படத்தின் மையச் செய்தி, அவைக்கூச்சம் உடைய பெண் தன் குரலைக் கண்டடைகிறாள் என்பது. ஆயினும் திரையில் வயலட்டாக நடித்த பைப்பர் பெராபோவின் பாடற்குரல் அவருடையதன்று. லீஆன் ரைம்ஸ் பாடியது. வயலட் இயற்றியனவாகக் காட்டப்படும் முதன்மைப் பாடல்கள் டயான் வாரன் என்னும் தொழில்முறைப் பாடலாசிரியரின் ஆக்கங்கள். இறுதிக் காட்சியில் ரைம்ஸ் தாமாகவே தோன்றிப் பாட, வயலட்டும் உடன் சேர்கிறாள். ஒரே குரல் இரண்டு முகங்களிலிருந்து எழுகிறது. படத்தின் கருத்துக்கும் ஆக்கமுறைக்கும் இடையிலான இம்முரணைப் படம் எங்கும் கருத்தில் கொள்ளவில்லை. அப்பாடல்களோ பொதுவான காதற்பாடல்கள். சவுத் ஆம்பாயின் சாயலோ பாரின் பேச்சோ அவற்றில் இல்லை. ஊரும் தொழிலும் கதையில் இடம்பெற்றுப் பாட்டில் இடம்பெறாமற் போனமை படத்தின் பெருங்குறை.

1955-இல் வெளிவந்த 'ஹரிச்சந்திரா' படத்தில் 'ஆத்மவித்யாலயமே' எனத் தொடங்கும் பாடலை மாதவன் நாயர் எழுதினார். இசை பிரதர் லட்சுமணன். பாடியவர் கமுகறை புருஷோத்தமன். அரிச்சந்திரனாக நடித்தவர் திக்குறிச்சி சுகுமாரன் நாயர். இங்கும் சொல் ஒருவருடையது, குரல் மற்றவருடையது, முகம் வேறொருவருடையது. ஆனால் எதுவும் மறைக்கப்படவில்லை. 'பின்னணிப் பாடகர்' என்னும் சொல்லே அப்பிரிவினையை வெளிப்படையாக அறிவிக்கிறது. புருஷோத்தமன் திருவட்டாற்றைச் சேர்ந்தவர். சுகுமாரன் நாயர் தம் ஊரான திக்குறிச்சியையே பெயராகக் கொண்டவர். படத்தயாரிப்பாளர் சுப்பிரமணியம் நாகர்கோவிலில் பிறந்தவர். ஒரே எல்லைப் பகுதியார் நால்வர் தலைநகரில் கூடி ஆக்கிய பாட்டு அது.

அப்பாட்டில் ஊர் இருக்கிறதா என்னும் வினாவை இங்கும் எழுப்புதல் வேண்டும். தொடக்கச் சொல்லே விடை தருகிறது. மூன்று வடசொற்கள் இணைந்த தொகை அது. அதன் ஈற்றிலுள்ள விளி ஏகாரம் ஒன்றே தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான திராவிடக் கூறு. எல்லைப் பகுதியின் பேச்சு வழக்கு அச்சொல்லில் தலைகாட்டவில்லை. புராணப் படத்துக்கு உரிய பொதுமொழியே ஆளப்பட்டுள்ளது. ஆகவே சிற்றூரான் பாட்டில் சிற்றூர் மொழி இருக்கும் என்னும் எதிர்பார்ப்பு இங்கும் நிறைவேறவில்லை. வேறுபாடு ஒன்றே. அமெரிக்கப் பாடலாசிரியை தன் ஊரைப் பாட்டிலும் வைக்கவில்லை, பெயரிலும் வைக்கவில்லை. மாதவன் நாயரோ பாட்டில் வைக்காத ஊரைப் பெயரில் வைத்தார்.

6. முடிவுரை

இவ்வொப்பீட்டால் மொழிபெயர்ப்பாளர்க்குக் கிடைக்கும் பயன்கள் மூன்று. முதலாவது, இடப்பெயர்ச் சொற்களுக்கு அகராதி நிகரனைக் காட்டிலும் செயற்பாட்டு நிகரனே முதன்மையானது. இரண்டாவது, 'பாடலாசிரியர்' போன்ற தொழிற்பெயர்கள் ஒரு பண்பாட்டின் உழைப்புப் பிரிவினையை உள்ளடக்கியவை. அப்பிரிவினை மாறுமிடத்துச் சொல்லும் மாற வேண்டும். மூன்றாவது, ஆட்பெயரில் உள்ள ஊர்ப்பெயரைத் தலைப்பெழுத்தாகச் சுருக்குதல் கூடாது. ஆங்கிலப் பெயர்ப்புகளில் ஓரிட மிச்சத்திற்காகத் திருநயினார்குறிச்சி ஓரெழுத்தாகக் குறையுமாயின், மாநில எல்லை மாறியும் மாறாதிருந்த ஊர் அங்கு மறைந்துபோகும். பாட்டின் சொற்களில் காணக்கிடைக்காத ஊரை வாசகர் காணக்கூடிய ஒரே இடம் அப்பெயரே. அதனை முழுமையாக எழுதுவது மொழிபெயர்ப்பாளரின் கடமையாகும்.