எல்லையிலிருந்து ஒரு மறுவாசிப்பு: இராஜமன்னார் குழு அறிக்கையும் ஓசூர் வட்டாரமும்

முன்னுரை

தமிழகத்தில் கூட்டாட்சி குறித்த ஆய்வுகளுக்கு இராஜமன்னார் குழு அறிக்கையே பெரும்பாலும் தொடக்கப் புள்ளியாகும். 1969இல் மு. கருணாநிதி அரசு அமைத்த இக்குழு, 1971இல் அறிக்கை அளித்தது. அதன் தொடர்ச்சியாக, 1974இல் சட்டப்பேரவை மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. எஞ்சிய அதிகாரங்கள், அரசமைப்பின் 356ஆம் உறுப்பு, திட்டக்குழு ஆகியன பற்றிய இவ்வறிக்கையின் பரிந்துரைகளே மிகுதியும் விவாதிக்கப்பட்டு வந்துள்ளன. இவ்விவாதம், கூட்டாட்சிக்கான ஆதரவு தமிழகம் முழுவதும் ஒரே தன்மையது என்னும் எடுகோளை உட்கொண்டுள்ளது. ஓசூர் - கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இவ்வெடுகோள் பொருந்துவதில்லை.

ஆறும் அண்டை மாநிலமும்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, ஓசூர் அருகே தமிழகத்துள் நுழைகிறது. பெங்களூருவின் கழிவுநீர் கலப்பதால் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது வாடிக்கையாகிவிட்டது. துணையாறான மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டிய அணையை எதிர்த்துத் தமிழகம் தொடுத்த மனுவை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. தீர்ப்பாயம் கோரி ஒன்றிய அரசை அணுகலாம் என்றும் கூறியது. 1956ஆம் ஆண்டின் மாநிலங்களிடை நதிநீர்த் தகராறுகள் சட்டப்படி, தீர்ப்பாயம் அமைக்கும் அதிகாரம் ஒன்றிய அரசுக்கே உரியது. எனவே, தலைநகரில் ஒன்றியத் தலையீட்டைக் குறைக்கக் கோரும் மாநிலம், எல்லையில் ஒன்றியத்தை நடுவராக நாட நேர்கிறது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்வோரின் இத்தேவை காவிரிப் படுகைக்கும் பொருந்தும்.

மொழிச் சிறுபான்மையினர்

இவ்வட்டாரத்தில் தெலுங்கு, கன்னடம் பேசுவோர் கணிசமாக உள்ளனர். தமிழைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டம், மாநிலம் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தியதற்குச் சான்று. தாய்மொழிக் கல்வியை நாடும் சிறுபான்மையினர்க்கோ, மாநிலம் பெறும் அதிகாரம் தம்மிடம் எவ்வாறு செயற்படும் என்பதே வினா. அறிக்கையைச் சூழ்ந்த விவாதத்தில் இவ்வினாவிற்கு உரிய இடம் கிட்டவில்லை.

அறிக்கையின் மறக்கப்பட்ட பகுதி

மாநிலம் தழுவிய அறிக்கை ஒவ்வொரு வட்டாரத்தையும் பேச இயலாது என வாதிடலாம். ஆயினும், எல்லை வட்டாரத்திற்கான விடையின் ஒரு பகுதி அவ்வறிக்கையிலேயே உள்ளது. மாநிலங்களிடை மன்றத்தை உடனடியாக அமைக்கவும், அதன் பரிந்துரைகள் பொதுவாக ஒன்றியத்தையும் மாநிலங்களையும் கட்டுப்படுத்தவும் குழு பரிந்துரைத்தது. 1990இல் உருவான மன்றமோ அறிவுரை கூறும் அமைப்பாகவே நின்றது. 2016 வரை பதினொரு முறையே கூடியது.

முடிவுரை

எல்லை வட்டாரத்தில் கூட்டாட்சி உணர்வு குறைவு என்று கொள்வது பிழையாகும். அங்கு அது அதிகாரப் பங்கீட்டோடு, அண்டை மாநிலத்துடனான நியாயத்தையும் வேண்டுகிறது. 2025 ஏப்ரலில் நீதியரசர் குரியன் ஜோசப் தலைமையில் தமிழக அரசு அமைத்த உயர்நிலைக் குழுவின் பணியை மதிப்பிடும் ஆய்வாளர்கள், இவ்வேறுபாட்டையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.