கை அசையாமலே ஒரு கிளிக்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் 2015-ல் 58 வயதுப் பெண் ஒருவருக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய் அவருடைய கைகால்களையும் பேச்சையும் முடக்கிப்போட்டிருந்தது. மூளையின் மேற்பரப்பில், கையை இயக்கும் பகுதியில், மெல்லிய மின்முனைப் பட்டைகளை வைத்தார்கள். அங்கிருந்து தோலுக்கு அடியிலேயே ஓடிய கம்பி, மார்பில் பதித்த சிறு கருவியில் முடிந்தது. வெளியே எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. அதனால்தான் அது வீட்டில் புழங்கும் பொருளானது.

அது இயங்கும் விதம் அவ்வளவு அழகு. திரையில் எழுத்து வரிசைகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டிய வரிசை வந்ததும் அவர் கையை அசைக்க முயல்வார். கை அசையாது, ஆனால் அந்த முயற்சியில் மூளையில் எழும் மின்சமிக்ஞையைக் கருவி பிடித்து ‘கிளிக்’ ஆக்கிவிடும். அடுத்து அந்த வரிசைக்குள் எழுத்துகள் ஒளிரும். இன்னொரு கிளிக்; எழுத்து கிடைத்துவிட்டது.

நிமிடத்துக்குச் சுமார் இரண்டு எழுத்துதான்.

ஆனாலும் அதன் அருமை பெரிது. கண் அசைவைப் படிக்கும் கருவி வெளிச்சம் மாறும் இடங்களில் தடுமாறும். வெளியே போகும்போது இதுவே அவருக்குக் கைகொடுத்தது. ஏழு ஆண்டுகள் அதைப் பயன்படுத்தினார்.

வேகம் பின்னால் வந்தது. 2023-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் குழு, இதே நோயுள்ள ஒருவரின் மூளையில் 256 மின்முனைகளைப் பதித்தது. அவர் பேச முயன்ற சொற்களைக் கணினி சுமார் 97 சதவீதம் சரியாக எழுதியது. நோய்க்கு முந்தைய அவர் குரலின் சாயலிலேயே வாசித்தும் காட்டியது. அந்தக் குரலில் அவர் வீட்டிலிருந்தே குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் பேசினார்.